ஜெபராஜ் சாரின் சிக்கன வேகம்

ஜீப் வாங்கிய நாளிலிருந்து ஜெபராஜ் சார் எங்கேயும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. அதற்கு முன்னால் சைக்கிளில் போனபோது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கிறார்.

அது ஏதோ ஒரு மலை எஸ்டேட்டில் உழைத்துத் தேய்ந்து ஏலத்துக்கு வந்த பழைய டீசல் ஜீப். ஃபோர் வீல் டிரைவ். பாறை மேல் ஏறுவதற்கென்றே செய்த வண்டி. இரும்புலியூரிலிருந்து பல்லாவரத்தில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்குப் போகிற வழியில் ஸ்பீட் பிரேக்கரை விட்டால் ஏறுவதற்கு வேறெதுவும் கிடையாது. நான் பக்கத்து வீட்டுக்காரன். "தினமும் என்கூடவே வந்துடுங்க, ஸ்ரீரங்கன்" என்றார். ஓசிப் பயணம் என்றதும் தலையாட்டினேன். அதற்கான தண்டனையைப் பல வருடம் அனுபவித்தேன்.

வண்டி லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர்தான் கொடுத்தது. டீசல் விலையோ ஏறிக்கொண்டே இருந்தது. வேறொருவராக இருந்தால் விற்றுத் தொலைத்திருப்பார். சார் அதைத் தனக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டார். டயரில் காற்றுக் குறையாமல் பார்த்துக்கொண்டார். ஏர் ஃபில்டரை வாராவாரம் தட்டிச் சுத்தம் செய்தார். இதெல்லாம் நியாயம். அப்புறம் எடையில் கைவைத்தார். மேலே இருந்த கேரியர் போயிற்று, முன்னால் இருந்த கனத்த இரும்பு பம்பர் போயிற்று, பின்பக்க சீட்டுகளில் ஒன்று போயிற்று. ஒருநாள் என் டிபன் கேரியரைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மறுநாளிலிருந்து நானே தயிர்சாதத்தைக் குறைத்துக்கொண்டேன்.

முன்சக்கரங்களுக்கு இன்ஜினின் சக்தியைக் கொண்டுபோகும் ஷாஃப்ட் சும்மா சுற்றிக்கொண்டே டீசலைத் தின்கிறது என்று எங்கோ படித்துவிட்டு வந்து, மெக்கானிக் லோகுவிடம் அதைக் கழற்றச் சொன்னார்.

"இன்னா சார் நீ, நாலு வீலும் இழுக்கணும்னுதான இத்த வாங்குன? இப்ப முன்னாடி ரெண்டும் சொம்மா கூட வந்துகினு இருக்கணுமா?" என்றான் லோகு.

"ஸ்ரீரங்கன்கூட சும்மாதான் வர்றாரு. கழட்டு" என்றார் சார்.

கழற்றிய ஷாஃப்டைச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். அவர் மனைவி மெட்டில்டா அக்கா ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். பெருக்கும்போதெல்லாம் அதில் துடைப்பம் இடித்து, அந்தச் சத்தம் எங்கள் வீடுவரை கேட்கும்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை அந்த வேகம்தான். நாற்பதுக்கு மேல் மிதிக்கமாட்டார். கோழிக்கூடையைக் கட்டிக்கொண்டு போகும் மொபெட்டுகள் எங்களை முந்தும். தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்தாலே காலை எடுத்துவிடுவார். வண்டி தானாக உருண்டு உருண்டு, போக மனமில்லாமல் போய் நிற்கும். ஒரு தெரு சுற்றிப் போகவும் மாட்டார். எனக்குக் காய்ச்சல் கண்ட நாளில்கூட மருந்துக்கடைக்குக் கொஞ்சம் உள்ளே போகவேண்டும் என்றதும் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டார். "நடந்து போயிட்டு வந்துடுங்க. வண்டி உள்ள நுழைஞ்சு திரும்பினா டீசல் வேஸ்ட்." காய்ச்சலோடு நடந்தேன். மைலேஜ் பன்னிரண்டைத் தொட்ட அன்று அலுவலகத்தில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். எனக்கு இரண்டு துண்டு.

அவருடைய ஒரே மகள் ஜோசலினுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. கல்யாணம் முடிந்த அடுத்த வாரமே இருவரும் கிளம்பவேண்டும். மண்டபம், பிரியாணி, புடவை எதிலும் சார் தலையிடவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான். பல்லாவரம் சர்ச்சுக்கு மகளைத் தன் ஜீப்பில் தானே ஓட்டிக்கொண்டுபோக வேண்டும்.

"உங்க ஸ்பீடுக்கு நீங்க போய்ச் சேரும்போது அவளுக்குப் புள்ளையே பொறந்துடும்" என்றார் அக்கா. "ஏசி கார் சொல்லியாச்சு."

சார் வாதாடவில்லை. இரவுச் சாப்பாட்டை மட்டும் வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தார். கடைசியில் ஜோசலின்தான், "அம்மா, நான் அப்பாகூடவே போறேன்" என்றாள். அக்கா ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. சரியாகப் பத்து மணிக்கு சர்ச் வாசலில் நிற்கவேண்டும், பாஸ்டருக்கு அடுத்து இன்னொரு கல்யாணம் இருக்கிறது. அப்பாதான் பெண்ணின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவர வேண்டும் என்பதால் இவர் இல்லாமல் எதுவும் தொடங்காது. என்னையும் ஏறிக்கொள்ளச் சொன்னார் அக்கா. நின்றுபோனால் தள்ளுவதற்கு.

குடியரசு தினம் அன்று கல்யாணம். காலையில் பூக்கடைக்காரர் பானெட் மேல் பெரிய மாலையும் ரிப்பனும் கட்ட வந்தார். காற்று தடுக்கும் என்று சார் பாதியைப் பிரிக்கச் சொன்னார். அக்காவும் உறவுக்காரர்களும் முன்னால் ஏசி காரில் போய்விட்டார்கள். ஜோசலின் வெள்ளைப் பட்டுப்புடவையும் தலையில் நெட் முக்காடுமாக சாருக்குப் பக்கத்தில் ஏறினாள். நான் அவளுடைய பூங்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். நேரம் தாராளமாக இருந்தது. நேராகப் போனால் நாற்பதிலேயே போய்விடலாம்.

தாம்பரத்தில் வண்டி நேராகப் போகவில்லை. வலது பக்கம், கிழக்குத் தாம்பரத்துக்குத் திரும்பியது.

"சார், இது வேளச்சேரி ரோடு."

"தெரியும். ஜிஎஸ்டியில ட்ராஃபிக் இருக்கும்."

விடுமுறை நாள். தினமும் நாங்கள் போகிற அந்த ஜிஎஸ்டி ரோட்டின் நடுவில் அன்று ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடியிருக்கலாம். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கல்யாணத்தன்றுகூடவா இந்த மனிதருக்கு மைலேஜ் கிறுக்கு?

செம்பாக்கம் தாண்டும்போது, "பாஸ்போர்ட்ட எங்க வெச்சிருக்க?" என்று கேட்டார்.

"அம்மாகிட்ட இருக்குப்பா."

மேடவாக்கம் வரும்வரை அதை யோசித்தார். "அங்க வெயில் ஜாஸ்தியாமே."

"ஏசி இருக்கும்பா."

அதற்குமேல் அவருக்குக் கேட்க ஒன்றும் கிடைக்கவில்லை. வேகம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. முள் முப்பதுக்குக் கீழே நின்றது. என் செல்போன் அடித்தது.

"எங்க இருக்கீங்க?" என்றார் மெட்டில்டா அக்கா.

"கோவிலம்பாக்கம்."

"கோவிலம்பாக்கத்துல யாருக்குக் கல்யாணம்?"

முன்னால் பார்த்தேன். சார் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைக்கக்கூட அதை விடாமல் ஓட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் காய்ச்சலுக்கு ஒரு தெரு திரும்பாத மனிதர், தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் நடுவே இருக்கிற அத்தனை ஊரையும் சுற்றிக்கொண்டிருந்தார். என் கோபம் போன இடம் தெரியவில்லை. "வந்துகிட்டே இருக்கோம், அக்கா" என்று சொல்லி போனை அணைத்தேன்.

கீழ்க்கட்டளை வந்ததும் ஜோசலின் அவர் கைமேல் கைவைத்தாள்.

"அப்பா, வேணும்னா இன்னொரு சுத்து போலாம்பா. நான் வர்றேன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சார் அப்போதுதான் ஒரு கையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வேணாம்மா. அந்தப் பையன் வாசல்லயே நின்னுட்டிருப்பான்."

சொல்லிவிட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். அந்த ஜீப்புக்கு அப்படி ஒரு குரல் இருந்தது எனக்கு அதுவரை தெரியாது. பின்னால் கரும்புகை கிளம்பியது. நாற்பது, ஐம்பது, அறுபது. பானெட்டிலிருந்து பூ பிய்ந்து என் முகத்தில் வந்து அடித்தது. மொபெட்டுகள் ஒதுங்கி வழிவிட்டன. இத்தனை வருடமாக இவர் கொஞ்சம் வேகமாகப் போகமாட்டாரா என்று வேண்டிக்கொண்டிருந்த நான், கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "சார், மெதுவாப் போங்க சார், மெதுவா!" என்று கத்தினேன். பயத்தினால் மட்டுமல்ல. அவர் பல்லாவரம் வரை காலை எடுக்கவே இல்லை.