ஹொட்டெ உரிக்கு மாத்திரை இல்லை

வேலை அவனுக்குக் கிடைத்தது, நெஞ்செரிச்சல் எனக்கு வந்தது. இரண்டும் ஒரே நாளில். எல்லாக் குழப்பமும் அங்கேதான் ஆரம்பம்.

பெங்களூர் தொம்மலூரில் மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. நானும், கல்லூரியில் கூடப் படித்த ஹாசன்காரன் ஒருவனும். எனக்குக் கட்டில், அவனுக்குப் பாய். நாலு வருஷமாக இப்படித்தான். ஒரே கம்பெனிக்கு இரண்டு பேரும் இன்டர்வியூ போனோம். அவனை எடுத்தார்கள், என்னை எடுக்கவில்லை. அன்று ராத்திரி சிவாஜிநகரில் ட்ரீட். பதினோரு மணிக்குக் கபாப், பிரியாணி. ரூமுக்கு வந்ததும் கட்டிலில் விழுந்தேன்.

ஒரு மணிக்கு எழுந்து உட்கார்ந்தேன். நெஞ்சுக்குழியிலிருந்து தொண்டை வரைக்கும் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரிச்சல், வாயெல்லாம் புளித்த தண்ணீர். சுவரில் சாய்ந்தால் அடங்கியது. படுத்தால் மறுபடி மேலே ஏறியது. ஒரு ராத்திரி சமாச்சாரம் என்று நினைத்தேன். பத்து ராத்திரி ஆனது. ஓமத் தண்ணீர் குடித்தேன், ஜில் பால் குடித்தேன். இரண்டு தலையணை வைத்ததில் கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

நான் எழும்போதெல்லாம் அவனும் எழுந்தான். "மகா, சுடுதண்ணி வெக்கட்டா?" பெங்களூர்க் கன்னடத்தில் 'மகா' என்றால் மச்சான் மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் அம்மா ஃபோன் செய்தார். கோடுபளே முறுக்கு சுட்டு அனுப்பினால் எனக்கென்று தனிப் பொட்டலம் கட்டுகிற அம்மா. ஸ்பீக்கரில் என்னிடம் கன்னடத்தில் கேட்டார், "ஏன்ப்பா, ராத்திரி தூங்கறதே இல்லையாமே நீ?"

கோலார் தங்கவயல் தமிழன் நான். கன்னடத்தில் புலி என்று நினைப்பு. வாயில் பிரஷ்ஷோடு கன்னடத்திலேயே அடித்துவிட்டேன். "ஹொட்டெ உரி அம்மா. இவனுக்கு வேலை கெடைச்ச நாள்லேர்ந்து ஒரே ஹொட்டெ உரி. தூக்கமே வரல."

"ஹௌதா" என்று மட்டும் சொன்னார் அம்மா. அப்படியா என்று அர்த்தம். அவன் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டான்.

அன்று ராத்திரி நெஞ்சு எரிந்து எழுந்தேன். அவன் விழித்துத்தான் இருந்தான், சுடுதண்ணீர் வரவில்லை. காலையில், "நீங்க சாப்ட்டாச்சா?" என்று கேட்டான். நாலு வருஷத்தில் முதல் 'நீங்க'. மறுநாள் ஆபீஸ் பக்கம் பிஜியில் தங்க இடம் பார்ப்பதாகச் சொன்னான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எரிச்சலோடு இதுவும் சேர்ந்துகொண்டது. இருந்த ஒரே நண்பனும் போகிறான், ஏன் என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் ஜோகுபாளையத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். டாக்டரம்மாவிடம், "ஹொட்டெ உரி மேடம், ரெண்டு வாரமா" என்றேன்.

பேனாவைக் கீழே வைத்தார். "யார் மேல?"

"என்னது மேடம்?"

"ஹொட்டெ உரின்னா பொறாமைப்பா. அதுக்கு எங்கிட்ட மாத்திரை இல்ல. எதெ உரின்னு சொல்லு, நெஞ்சு எரிச்சல். அதுக்குத் தரேன்."

ஹொட்டெ என்றால் வயிறு. தமிழிலும் அதேதான். வயிறு எரியுது என்றால் நோய், வயித்தெரிச்சல் என்றால் வேறு. இது தெரியாதவனா நான்? ஆனால் வாய் முந்திக்கொண்டது. அதிலும் 'வேலை கெடைச்ச நாள்லேர்ந்து' என்று தேதி வேறு போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

டாக்டரம்மா மாத்திரை எழுதினார். எட்டு மணிக்குள் சாப்பாடு, மூன்று மணி நேரம் கழித்துத்தான் படுக்கை, தலையணைக்குப் பதில் கட்டிலின் தலைமாட்டுக் காலுக்கடியில் செங்கல் என்றார். பாதி காதில் வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன். அவன் புத்தகங்களைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தான்.

"டேய், எதெ உரிடா! எதெ! ஆசிட்டு! ஹொட்டெ இல்ல! கட்டில் காலுக்குச் செங்கல் வெக்கச் சொல்லிட்டாங்க!"

கயிற்றைப் பிடித்தபடியே நின்றான். "எங்கம்மா மூணு நாளா வீடியோ கால்ல உப்பும் மெளகாயும் சுத்திப் போடறாங்க. ஃபோன்ல என் மூஞ்சிய வெச்சு. ஒன் கண்ணு பட்ருச்சாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை. "நெஜம் சொல்லு மகா. கொஞ்சம்கூட இல்லியா?"

'மகா' திரும்பி வந்திருந்தது. அதற்காகவே பொய் சொல்ல மனம் வரவில்லை.

"இருந்துச்சு. மொத நாள். அது பிரியாணியோட செரிச்சுப் போச்சு. ஆசிட்டுதான் போவல."

அவன் கயிற்றை விட்டுவிட்டு, "செங்கல் எத்தன சொன்னாங்க?" என்றான்.

கீழே கட்டுகிற வீட்டு வாட்ச்மேனிடம் நாலு செங்கல் வாங்கி வந்தான். நான் கட்டிலைத் தூக்கினேன், அவன் கால் ஒன்றுக்கு இரண்டாக அடியில் தள்ளினான். உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தான். பிறகு அம்மாவுக்கு ஃபோன் போட்டு என்னிடம் நீட்டினான். "யோசிச்சுப் பேசு."

"எதெ அம்மா, எதெ" என்று நெஞ்சைத் தட்டித் தட்டிக் காட்டினேன். அது வீடியோ கால்கூட இல்லை.

"அய்யோ கண்ணு, மொதல்லயே சொல்லக் கூடாதா!" என்றார். "அப்போ எண்ணெயில சுட்ட கோடுபளே ஒனக்கு ஆகாது. இந்தத் தடவ ஒன் பொட்டலத்தையும் அவனுக்கே அனுப்பறேன்."

வந்த இரண்டு பொட்டலத்தையும் அவன் என் எதிரிலேயே உட்கார்ந்து மொறுமொறுவென்று தின்றான். அன்றைக்குத்தான் எனக்கு அசல் ஹொட்டெ உரி.