பின்னல் போடும் வக்கீல்

பாகூரில் அந்த வக்கீலைக் காலையில்தான் பார்க்க முடியும். ஒல்லியான மனிதர். மனைவி ஆஸ்பத்திரி வேலைக்கு விடியலிலேயே கிளம்பிவிடுவதால், இரண்டு பெண்களுக்கும் அவர்தான் தலை பின்னிவிடுவார். வாயில் ரிப்பனைக் கவ்வியபடியே வழக்கையும் கேட்பார்.

போர்வெல் தண்ணீர்த் தகராறில் அண்ணன்மேல் கேஸ் போடப் போயிருந்தேன். ஆத்திரத்தில் என்னால் உட்காரவே முடியவில்லை. அவரோ நிதானமாக வகிடு எடுத்துக்கொண்டிருந்தார்.

"பின்றத அப்புறம் பாருங்க சார்."

"ஸ்கூல் பஸ் வந்துடும்பா," என்றவர் ரிப்பனைக் கையிலெடுத்தார். "உங்க அண்ணன் உனக்கு முன்னாடியே வந்துட்டாரு. உன் கேஸ நான் எடுக்க முடியாது. அறுப்பு வரைக்கும் தம்பிய பொறுத்துக்கச் சொல்லுங்கன்னாரு."

பொருமிக்கொண்டே திரும்பினேன். அறுப்புக்குள் நாங்களே முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சத் தொடங்கிவிட்டோம்.

போன மாதம் வக்கீல் மாரடைப்பில் போய்விட்டார். சாவு வீட்டில் அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னாடா, அன்னைக்கு எனக்கு முன்னாடியே நீ இவராண்ட வந்தியாமே. அறுப்பு வரைக்கும் என்னைப் பொறுத்துக்கச் சொன்னியாமே."

எங்களில் யார் முதலில் வந்தோம் என்று சொல்ல அவர் இல்லை. வாசலில் அவருடைய பெண்கள் இருவரும் தலை பின்னாமல் நின்றிருந்தார்கள்.