ட்ரையர் கதவில் ஒட்டிய இலக்கங்கள்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஒரு கடிதம் எழுதப்போனாலே சொல்ல வந்ததைப் பாதியில் தொலைத்துவிடுவேன். என் எழுத்து கோணல், ஞாபகம் ஓட்டை. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊத்தை உடுப்பைப் பற்றி நான் சொல்வதை மட்டும் தாராளமாக நம்பலாம்.

தொண்ணூறுகளின் நடுவில் ரொறொன்ரோவில் ஒரு கல்லூரியில் எனக்கு உடுப்புத் தோய்க்கிற வேலை. விளையாட்டு மண்டபத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லாத ஓர் அறை. இரண்டு வோஷிங் மெசின், வெள்ளை நிறத்தில் ஒரு பெரிய ட்ரையர், ஒரு மேசை, நான். சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்து ஸ்ரீட்கார் பிடித்துப் போவேன். ஆட்களோடு கதைக்க எனக்குக் கூச்சம். ஆங்கிலத்தில் என்றால் இரண்டு மடங்கு கூச்சம். மெசின் இரைச்சலுக்குள் ஒருவரும் கதை கேட்க மாட்டார்கள் என்பதால் அந்த அறை எனக்குப் பிடித்திருந்தது.

என்னிடம் வருவது ஃபுட்போல் அணியின் உடுப்பு. ஃபுட்போல் என்றதும் ஊரில் பெடியள் காலால் உதைக்கிற பந்து என்றுதான் நானும் நினைத்தேன். இது அது இல்லை. முட்டை வடிவில் ஒரு பந்து. அதை ஒருவன் கையால் எறிவான். அவனைப் பிடித்து நிலத்தில் சாத்துவதற்கு எதிர்ப்பக்கத்தில் நாலைந்து மலைகள் ஓடிவரும். காலுக்கு வேலை குறைவு என்று ஒரு நாள் சொன்னேன், கேட்டவர்கள் சிரித்தார்கள்.

ஒவ்வொரு பெடியனுக்கும் ஒரு வலைப்பை. பையின் வாயில் இலக்கம் அடித்த பித்தளை ஊசி. சொக்ஸ், உள்பெனியன் எல்லாம் பைக்குள்ளேயே தோய்ந்து, பைக்குள்ளேயே காய்ந்துவிடும். மேற்சட்டையை மட்டும் வெளியே எடுத்துத் தேய்க்க வேண்டும். அதனால் எனக்கு முகங்கள் தெரியாது. இலக்கமும் ஊத்தையும்தான் தெரியும்.

அறுபத்தெட்டாம் இலக்கத்தை நான் முதலில் கவனித்தது சுத்தத்துக்காக. சனிக்கிழமை போட்டி முடிந்து திங்கட்கிழமை பை வரும்போது எல்லாச் சட்டையும் உழுத வயல் மாதிரி இருக்கும். அறுபத்தெட்டு மட்டும் நான் மடித்த மடிப்புக் கலையாமல் திரும்பி வரும். நல்ல வளர்ப்பு என்று நினைத்தேன். அந்தச் சட்டையை எப்போதும் அடுக்கின் மேலே வைப்பேன். ஒரு நாள் அவனே பை எடுக்க வந்தான். பார்த்தால் எங்கள் பெடியன்.

"தம்பி, நீர் தமிழோ?"

"ஓம் அன்ரி."

"உம்மட அம்மா உம்மை நல்லா வளர்த்திருக்கிறா. மற்றவங்கள் பண்டி மாதிரிப் பிரண்டுபோட்டு வாறாங்கள். உம்மட சட்டையில ஒரு பொட்டு ஊத்தை இல்லை."

பின்னால் நின்ற இருவர் நான் என்ன சொன்னேன் என்று கேட்டார்கள். அவனும் மறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னான். அவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"அன்ரி, என்னை விளையாட விட்டால்தானே ஊத்தையாகும்," என்றான். "இரண்டு வருசமா மைதானக் கரையில வாங்கிலதான் குந்தியிருக்கிறன்."

அப்படிப் பார்த்தால், பரிசு வாங்காத பிள்ளையைக் கூப்பிட்டு மாலை போட்ட மாதிரி நான் செய்த வேலை. அன்று முழுவதும் எனக்கு முகம் சுட்டது.

பிறகு அவன் பை எடுக்க வரும்போதெல்லாம் கொஞ்சம் நின்று கதைப்பான். அவர்களும் சென் ஜேம்ஸ் ரவுணில், எங்கள் கட்டடத்திலேயே பதினோராம் மாடி. முதல் நாள் மைதானத்துக்குப் போனபோது பெரிய கோச், அவனைத் தண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்த பெடியன் என்று நினைத்து, அந்த மூலையில் வை என்றாராம். இரண்டு வருடமாகியும் அவனுடைய பெயர் அவர் வாய்க்குள் வரவில்லை. பெரிய கோச் நெஞ்சை முன்னே விட்டு நடக்கிறவர். கழுத்தில் விசில். நான் சிங்கக் குட்டியை மணத்தாலே கண்டுபிடிப்பேன் என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல்கிறவர். அவருக்குக் கீழே ஒரு சின்னக் கோச் இருந்தார். வயதானவர், ஒரு காலை இழுத்து நடப்பார். விசில் இல்லை.

அந்த வருடம் பெடியனுக்கு ஒரு வேலை கிடைத்தது. வருகிற சனிக்கிழமை எந்த அணியோடு போட்டியோ, அந்த அணியின் மிகத் திறமான ஆளாக அவன் நடிக்க வேண்டும். பயிற்சியில் எங்கள் அணியின் பெரியவர்கள் அவனை இடித்துப் பழகுவார்கள். ஒரு மஞ்சள் மேற்சட்டையில், காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளைப் பிளாஸ்ரரால் அந்த எதிராளியின் இலக்கத்தை ஒட்டிக் கொடுப்பார் சின்னக் கோச். இந்தக் கிழமை தொண்ணூற்றொன்று. அடுத்த கிழமை ஐம்பத்தைந்து. கிழமைக்கு ஒருவனாக உருமாறி அடி வாங்கினான்.

"சும்மா அடி வாங்காதை எண்டு சின்னக் கோச் சொன்னவர்," என்றான் ஒரு நாள். "அந்த ஆளின்ர வீடியோவைத் தந்து, அவன் எந்தக் காலை முதல் வைக்கிறான், எந்தத் தோளைக் குடுக்கிறான் எண்டு பாத்துப் பழகச் சொன்னவர். ராவு ராவா அதையே பாத்து, அவன் மாதிரியே நடக்கிறன் அன்ரி. அம்மா ஏன்ரா நொண்டுறாய் எண்டு கேக்கிறா."

"அம்மாக்கு என்ன சொன்னனீ?"

"லைப்ரரியில கன நேரம் இருந்து கால் விறைச்சுப்போச்சு எண்டனான்."

பயிற்சி நாட்களில் அவனுடைய பையைத்தான் நான் கடைசியாகத் திறப்பேன். சேறு, புல், கிழிசல், சில நாள் இரத்தம். பிளாஸ்ரரை உரிக்காமல் போட்டால் பசை உருகி மெசினில் பிடித்துவிடும். உரித்த இலக்கத்தை எங்கே வைப்பது? கை முழுக்க ஈரம். பக்கத்தில் நின்ற ட்ரையரின் கதவில் ஒட்டிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். மெசினில் எதையும் ஒட்டக் கூடாது என்று ஓர் அறிவித்தலும் சுவரில் இருந்தது. அதை நான் வாசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. உரித்தெடுக்கச் சோம்பலாக இருந்தது, அவ்வளவுதான். கிழமை போகப்போக ஏழு இலக்கம் சேர்ந்துவிட்டது.

இலை கொட்டி முடிகிற நேரம், கடைசிப் போட்டிக்கு இரண்டு நாள் முன்பு, பெரிய கோச் எங்கள் அறைக்கு இறங்கி வந்தார். அவர் அங்கே வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பின்னால் காலை இழுத்துக்கொண்டு சின்னக் கோச். வாசலில் பெடியன், முகத்தில் இரத்தமே இல்லை. பெரிய கோச் என்னைப் பார்த்து அறுபத்தெட்டின் போட்டிச் சட்டையை எடு என்றார். அணியில் இருந்து பெயரை வெட்டினால் சட்டையைத் திருப்பி வாங்கிவிடுவார்கள். அது எனக்குத் தெரியும். இரண்டு வருடம் வாங்கில் இருந்தவனுக்கு அது போனால் எல்லாம் போச்சு.

அவர்கள் கதைத்ததில் எனக்குப் பாதிதான் விளங்கியது. மிச்சத்தைப் பெடியன் பிறகு சொன்னான். ஏழு கிழமைப் பயிற்சி வீடியோவைப் பெரிய கோச் பார்த்தாராம். ஒரு இடத்திலும் அறுபத்தெட்டு இல்லையாம். பயிற்சிக்கு வராத சோம்பேறிக்கு அணியில் இடம் இல்லையாம். அவன் ஒவ்வொரு நாளும் வந்தான், நீங்கள் பார்த்தது அவனைத்தான் என்று சின்னக் கோச் சொல்லியிருக்கிறார். நான் வாயை நம்புவதில்லை, வீடியோவைத்தான் நம்புவேன் என்றாராம் பெரியவர். ஏழு கிழமையாக வேறு ஆளின் இலக்கத்தைப் போடவைத்துவிட்டு, உன் இலக்கம் எங்கே என்று கேட்கிற மூளை அது.

சட்டையை எடுத்தேன். வெள்ளை வெளேரென்று, மடிப்புக் கலையாமல் இருந்தது. பெரிய கோச்சின் கையில் கொடுக்கும்போது எனக்கு என்ன பிடித்ததோ தெரியாது. அன்று வந்த அறுபத்தெட்டாம் பையை அவிழ்த்து மேசையில் கொட்டினேன். சேறு தெறித்து அவருடைய சப்பாத்தில் விழுந்தது. மஞ்சள் சட்டையில் பிளாஸ்ரர் இன்னும் ஒட்டியபடி. ட்ரையர் கதவைக் காட்டி, "சேர், ஓல் வன் போய்," என்றேன். எல்லாம் ஒரே பெடியன் என்று சொன்னதாக எனக்கு நினைப்பு.

அவர் கதவுக்குக் கிட்டப் போனார். ஒவ்வொரு இலக்கமாக விரலை வைத்துப் பார்த்தார். ஏழு அணிகளின் ஏழு பெரிய ஆட்கள். அந்த இலக்கங்கள் அவருக்கு மனப்பாடம். அவருக்குத் தெரியாதது எங்கள் பெடியனுடைய பெயர் மட்டும்தான்.

"இதை யார் ஒட்டியது?" என்று கேட்டார்.

வேலை போச்சு என்று நினைத்தேன். "மீ. சொறி சேர்."

சட்டையை என் மேசையில் திரும்ப வைத்தார். சின்னக் கோச்சிடம் ஏதோ உறுமிவிட்டு மேலே போனார். "சனிக்கிழமை உவனை உடுப்போட நிப்பாட்டு, ஆள் குறைஞ்சால் இறக்கலாம் எண்டவர்," என்று பெடியன் அவருடைய நெஞ்சு மாதிரியே தன் நெஞ்சை விட்டுச் சொல்லிக் காட்டினான்.

போட்டியை நான் பார்க்கவில்லை. ஒரு போட்டியும் ஒரு நாளும் பார்த்ததில்லை. திங்கட்கிழமை பை வந்தது. அறுபத்தெட்டின் போட்டிச் சட்டையை விரித்தேன். இரண்டு முழங்கையிலும் புல். வலது தோளில் வேறு ஒருவனின் தலைக்கவசப் பெயின்ற். நெஞ்சில் ஒரு கிழிசல். முதுகில் சேறே இல்லை. விழுந்தவன் இவன் இல்லை, விழுத்தினவன் இவன் என்று எனக்கு விளங்கிவிட்டது. அந்தச் சட்டையைத் தோய்க்க மனம் வராமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன்.

பந்து எறிகிறவனை மூன்று தரம் சாத்தினானாம். "ஒண்டு தொண்ணூற்றொண்டின்ர தந்திரம், ஒண்டு ஐம்பத்தைஞ்சின்ர," என்றான். "மற்றது?" என்று கேட்டேன். "மற்றது அவன் தானாத் தடுக்கி விழுந்தவன் அன்ரி. ஆருக்கும் சொல்லாதேங்கோ."

அடுத்த வருடம் அவன் அணியின் பெரிய ஆள். பத்திரிகையில் படம் வந்தது. படத்தில் பெரிய கோச் அவனுடைய தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார். முதல் நாளே அவனுக்குள் இருந்த நெருப்பைக் கண்டேன் என்று சொல்லியிருந்தாராம். போத்தல் விஷயம் அதில் வரவில்லை. லிஃப்றில் அவனுடைய தாயைக் கண்டேன்.

"அக்கா, எனக்கு உது சின்னனிலேயே தெரியும். மூண்டு வயசில அம்மிக்குழவியைத் தூக்கினவன்."

"லைப்ரரியில நல்லாப் படிக்கிறான் எண்டும் சொன்னனீங்கள்," என்றேன்.

"அதுவும்தான்," என்றா, ஏழாம் மாடியில் யாரோ ஏற, கதையை மாற்றிக்கொண்டா.

பெரிய கோச்சுக்கு இப்போது ஒரு முறை கிடைத்துவிட்டது. புதுப் பெடியளைத் தாய் தகப்பனோடு எங்கள் அறைக்குக் கூட்டி வருவார். ட்ரையர் கதவைக் காட்டி, கவனிக்கப்படாத பிள்ளையை நாங்கள் இப்படித்தான் உருவாக்குகிறோம் என்று விளக்குவார். படம் எடுக்கிறவர்கள் என்னைக் கொஞ்சம் விலகச் சொல்வார்கள். விலகுவேன். அந்தக் கதவைத் துடைக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு. மெசினில் எதையும் ஒட்டக் கூடாது என்ற அறிவித்தலை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

வாங்கில் இருந்த பெடியள் எல்லாருக்கும் இலக்கம் ஒட்டினார். பை பையாக வந்த பிளாஸ்ரரை உரித்து எனக்கு நகம் தேய்ந்தது. எல்லாவற்றையும் மெசினிலேயே ஒட்டச் சொன்னார். உரிக்கத் தவறியவற்றின் பசை உள்ளே பிடித்து ஒரு வோஷிங் மெசின் நின்றுபோனது. பெடியளில் ஒருவனும் எழும்பவில்லை. எப்படி எழும்புவான்? பிளாஸ்ரர் இருந்தது, வீடியோவைத் தந்து காலைப் பார், தோளைப் பார் என்று சொல்ல ஆள் இல்லை. செலவைக் குறைக்கிறோம் என்று சின்னக் கோச்சை அந்த வருடம் கூப்பிடவில்லை.

எங்கள் ஆட்களும் சும்மா இருப்பார்களா? ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் விழா வைத்தார்கள். பெடியனுக்கு ஒரு பொன்னாடை, பெரிய கோச்சுக்கு அதைவிடப் பெரிய பொன்னாடை. அவர் அதைக் குளிருக்குச் சுற்றுவது மாதிரிக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, சிங்கக் குட்டியின் மணத்தைப் பற்றிப் பேசினார். தகப்பன் பேசினார். பெடியன் முன்பு படித்த பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர்கூடப் பேசினார். பெடியனும் பேசினான், எல்லாருக்கும் நன்றி சொன்னான். பிறகு றோல்ஸ் தட்டோடு பின்வரிசைக்கு, என்னிடம் வந்தான்.

"அன்ரி, உங்களையும் சொல்லுவம் எண்டு நினைச்சனான். சொன்னால் கதிரைக்குக் கீழ பூந்திடுவீங்கள் எண்டுதான் விட்டிட்டன்."

"நல்ல வேலை செய்தாய். சின்னக் கோச்சைச் சொன்னனியோ?"

அவன் தட்டைப் பார்த்தான். றோல்ஸை எடுத்தான், கடிக்காமல் திரும்ப வைத்தான்.

"மறந்துபோனன் அன்ரி," என்றான்.

இப்போது அவன் றிச்மண்ட் ஹில்லில் வீடு, பிள்ளைகள் என்று இருக்கிறான். கண்டால் நின்று கதைப்பான், நல்ல பிள்ளை. அன்று கேட்டதை நான் திரும்பக் கேட்கவில்லை.

நான் எழுதியதில் பிழை இருக்கும். தொண்ணூற்றொன்று முதலில் ஒட்டியதா, ஐம்பத்தைந்து முதலில் ஒட்டியதா என்று இப்போது எனக்கே சந்தேகம். ஏழு இலக்கமா, எட்டா என்பதையும் யாராவது பார்த்துத் திருத்தி விடுங்கள். அந்தக் கதவு இன்னும் இருந்தால் எண்ணிப் பார்க்கலாம். அப்படியே பெடியன் அடி வாங்கிப் பழகிய வருடத்து அணிப் படத்தையும் தேடிப் பாருங்கள். நான் பார்த்தபோது கரையில், பாதித் தோள் வெட்டுப்பட்டு, ஒருவர் நின்ற மாதிரி இருந்தது. அது சின்னக் கோச்தானா, அவருடைய பெயர் என்ன என்று எனக்குத் தெரியவேண்டும். நான் கேட்டு வைக்கவில்லை.