பெண்கள் பக்கத்துக் கதவு

அன்ரோனெற்றைப் பற்றிப் பள்ளிமுனையில் யாரிடம் கேட்டாலும் முதலில் "வாய்க்காரி" என்பார்கள். உண்மைதான், வாய் இருந்தது. அதை அவள் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அவளுடைய செத்த வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்தியவர்களில் பாதிப்பேர், உயிரோடு இருந்தபோது அவளைத் திமிர் பிடித்தவள் என்றவர்கள். அவர்களிடம் விட்டால் கதையை மாற்றிவிடுவார்கள். நான் எழுதுகிறேன். நடந்தபோது அவளுடைய இரண்டு கைகளுக்கும் நடுவில், வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு நின்றவள் நான்.

ஓலைத்தொடுவாயில் பிறந்து, பள்ளிமுனை யாகப்பரைக் கட்டி எங்கள் ஒழுங்கைக்கு, என் பக்கத்து வீட்டுக்கு வந்தவள் அவள். யாகப்பர் கடலுக்குப் போகிற, வீட்டில் அதிகம் கதைக்காத மனிதர். கதைக்க இடம் கிடைத்திருக்காது என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். மன்னார்ப் பட்டினத்தில் வெண்ணிலா தியேட்டர் திறந்தபோது பெண்கள் பக்கம் ரிக்கற் கிழிக்க ஒரு பெண் தேவைப்பட்டது. வாங்குப் பலகையில் இடம் பிடிக்க மயிரைப் பிடித்துச் சண்டை போடுகிற எங்களை அடக்க வேண்டுமே! மனேச்சர் கொன்ஸ்ரன்ரைன் விசாரித்த இடத்திலெல்லாம் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள். வாய்க்காகவே அவளை வேலைக்கு எடுத்தவர், பிறகு அந்த வாயைப் பற்றி ஊரெல்லாம் குறைப்பட்டுக்கொண்டு திரிந்தார். எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும்.

வெண்ணிலா தகரக் கூரை போட்ட நீளக் கட்டடம். நடுவில் ஒரு மறைப்பு. ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். நாங்கள் உள்ளே போக முன்பக்கத்தில் ஒரு ஒடுங்கிய வாசல். தெற்குச் சுவரில் எங்களுக்கு இன்னொரு பெரிய கதவும் இருந்தது. அது லைசென்சுக்காக வைத்த கதவு. நெருப்புப் பிடித்தால் சனம் வெளியேற வழி வேண்டும், கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், படம் ஓடும்போது பூட்டக் கூடாது, சிவப்பு வாளிகளில் மணல் நிரப்பித் தொங்கவிட வேண்டும் என்பதெல்லாம் விதி. பரிசோதகர் மாரிக் காலத்தில் வந்து பார்த்தார். கதவு வெளிப்பக்கமாகத் திறந்தது. பூட்டு இல்லை. வாளிகளும் தொங்கின, அதுவரை அவற்றில் யாரும் வெற்றிலை துப்பியிருக்கவில்லை. கிடைத்த லைசென்சைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மனேச்சர் தன்னுடைய அறையில் மாட்டினார்.

மாரியில் வந்து பார்த்தவருக்குத் தெற்கிலிருந்து வீசுகிற சோளகக் காற்றைப் பற்றி என்ன கவலை? வைகாசியில் காற்றுத் திரும்பினால் எங்கள் தீவில் மணல் நடக்கத் தொடங்கும். சோற்றில் மணல், தலையணையில் மணல், பூசைப் புத்தகத்துக்குள்ளும் மணல். வெண்ணிலாவின் தெற்குச் சுவரில் அது வந்து வந்து குவியும். பெரிய கதவுக்கு வெளியே முழங்கால் உயரத்துக்கு ஏறிவிட்டால் உள்ளே நின்று எத்தனை பேர் தள்ளினாலும் கதவு அசையாது. இது இரகசியம் ஒன்றும் இல்லை, ஊருக்கே தெரியும். மனேச்சருக்கு அது வசதியாகவும் போய்விட்டது. ரிக்கற் எடுக்காத இளந்தாரிகள் அந்த வழியால் நுழைய முடியாது. திரையில் வெளிச்சம் விழாது. தகப்பன்மாருக்கும் தமையன்மாருக்கும் மனம் நிறைந்த திருப்தி, பெண்பிள்ளைகள் பத்திரமாக இருக்கிறார்களாம். நாங்கள் என்ன, பெட்டகத்தில் வைத்துப் பூட்டுகிற நகையா?

அறுபத்தெட்டாம் ஆண்டு ஆடி மாதம் ஒரு மெற்றினிக் காட்சி. கதாநாயகி அழுதுகொண்டிருந்தாள், நாங்களும் அழுதுகொண்டிருந்தோம். திடீரென்று திரையில் அவளுடைய முகம் நடுவிலிருந்து பழுப்பாகி, குமிழ் விட்டு, உருகியது. படச்சுருள் மெஷினில் சிக்கி லாம்புச் சூட்டில் கருகினால் அப்படித்தான் ஆகும் என்று பிறகு சொன்னார்கள். அப்போது யாருக்குத் தெரியும்? மேலேயிருந்து புகை மணத்தது. ஆண்கள் பக்கத்தில் ஒருவர் "நெருப்பு!" என்று கத்தினார்.

ஒடுங்கிய வாசலில் ஒரே இழுபறி. மீதிப்பேர் பெரிய கதவுக்கு ஓடினோம். நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். தள்ளினேன். அசையவில்லை. பின்னால் வந்தவர்கள் என்னைத் தள்ளினார்கள். என் வயிறு கதவில் அழுந்தியது. மாதாவே என்று கூப்பிடக்கூட மூச்சு வரவில்லை. அப்போது எங்கிருந்தோ புகுந்து வந்தாள் அன்ரோனெற். என் இரண்டு பக்கமும் கைகளைக் கதவில் ஊன்றி, முதுகைச் சனத்துக்குக் கொடுத்து நின்றாள்.

"என்ரை முதுகிலை தள்ளுங்கோடி! இவளிலை தள்ளாதேங்கோ!"

விளக்குப் போட்டார்கள். நெருப்பு இல்லை. என் பிள்ளை வயிற்றுக்குள் உதைத்தது. நான் அப்படியே நிலத்தில் குந்தி அழுதேன். அவளுடைய முழங்கைகள் இரண்டும் தோல் உரிந்திருந்தன. அதற்குப் பிறகு கனநாளாக முதுகு நோவில் அவள் நிமிர்ந்து படுக்கவில்லை. என் வயிற்றில் இருந்த அந்தப் பிள்ளை புரட்டாதியில் பிறந்தாள். பெற்றிசியா என்று பெயர் வைத்தோம்.

மனேச்சர் வந்தார். எங்களுக்கு என்ன நடந்தது என்று கேட்கவில்லை. "நெருப்பே இல்லை. ஆர் உங்களை ஓடச் சொன்னது?" என்று சத்தம் போட்டார்.

"கதவு ஏன் திறக்கேல்லை, மனேச்சர்?" என்றாள் அன்ரோனெற்.

"நான் பூட்டேல்லையே. எங்கை, பூட்டைக் காட்டு பாப்பம்."

"மணல் அடைச்சுக் கிடக்குது."

"பூட்டக் கூடாது எண்டுதான் சட்டம். மணல் இருக்கக் கூடாது எண்டு எங்கை எழுதியிருக்கு?"

"வாளியிலை மணல் போடத்தான் சட்டம் சொன்னது. கதவிலை போடச் சொல்லேல்லை."

அந்த நோவோடுதான் அடுத்த நாள் அவள் மண்வெட்டியோடு வேலைக்குப் போனாள். காட்சி தொடங்க முன்னம் மணலை வெட்டித் தள்ளினாள். இடைவேளைக்குள் காற்று மறுபடி கொண்டுவந்து நிரப்பியது. அவள் கேட்டது பெரிய காரியம் இல்லை. தெற்குப் பக்கம் தென்னங்கிடுகால் ஒரு காற்று மறைப்பு, படம் ஓடும்போது திறந்த கதவுக்கு ஒரு தடித்த திரைச்சீலை. "இது தியேட்டரோ, உன்ரை வீட்டுக் கோடிப்புறமோ?" என்றார் மனேச்சர். ஒரு நாள் மண்வெட்டியையும் எடுத்துத் தன் அறைக்குள் வைத்துக்கொண்டார். அவள் அரசாங்கக் கந்தோருக்கு நடந்து போய்ப் பரிசோதகரிடம் சொன்னாள். அவர் மரியாதையான மனிதர், கதிரை போட்டு இருத்தினார். லைசென்ஸ் புதுப்பிக்க மாரியில் வருவேன், அப்போது பார்ப்போம் என்றார்.

"ஐயா, மாரியிலை மணல் வராது."

"நெருப்பும் இன்னும் வரேல்லைத்தானே, அம்மா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் சாகும்வரை எங்களுக்கு நடித்துக் காட்டுவாள்.

யாகப்பருக்குப் பயம் பிடித்துவிட்டது. பயத்தில் நியாயமும் இருந்தது. சோளகத்தில் தென்கடல் குழம்பிக் கிடக்கும். அவருடைய வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்தது. அந்த மாதங்களில் அவர்கள் வீட்டு உலை அவளுடைய சம்பளத்தில்தான் கொதித்தது. நான்கு பிள்ளைகள் வேறு. வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு அவர்கள் கதைத்தது கேட்டது.

"நீ வேலையை விட்டிட்டு வந்தா என்னத்தைத் தின்னுறது?"

"நான் விடேல்லை. அந்தாள்தான் விரட்டப் பாக்குது."

"அப்ப வாயைக் கொஞ்சம் அடக்கன்."

"வேலை போனாப் பசிக்கும். அந்தக் கதவு திறக்காட்டி, பசிக்கிறதுக்கே ஆக்கள் இருக்க மாட்டினம்."

பிறகு, மணல் அள்ளக் கடகம் வேண்டும் என்றாள். அடுத்த நாள் விடிய, யாகப்பர் வீட்டில் இருந்த மீன் சுமக்கிற ஓலைக் கடகங்களைத் தானே தட்டி உதறி வாசலில் அடுக்கி வைத்திருந்தார்.

அன்றைக்கு ஞாயிறு. பூசை முடிந்து வந்ததும் அவள் பள்ளிமுனையில் வீட்டுப் படலை படலையாகப் போனாள். "மெற்றினிக்கு வாறியள்தானே? வெறுங்கையோடை வராதேங்கோ. கடகத்தோடை வாங்கோ." என் மாமி, இந்த வயிற்றோடு வீட்டுப் படி தாண்டினால் பார் என்றார். தாண்டினேன். கடகம் தூக்க என்னை யாரும் விடவில்லை. ஆனால் ஒரு சிரட்டையால் அள்ளினேன், அதைப் பதிவு செய்து வைக்கிறேன்.

மனேச்சரின் அறை தியேட்டரின் முன்பக்கத்தில் இருந்தது. கம்பி வைத்த ரிக்கற் யன்னல் ஒன்று, பின்னால் வெளியே போகிற கதவு ஒன்று. லைசென்சுக்காகக் கதவுகளை மாட்டியபோது அவருடைய கதவையும் வெளிப்பக்கம் திறக்கத்தான் மாட்டியிருந்தார்கள். அவர் யன்னலில் ஆண்களுக்கு ரிக்கற் கொடுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் பெரிய கதவடியில் மணலை அள்ளினோம். அள்ளிய மணலை எங்கேயாவது கொட்ட வேண்டுமே! கொண்டுபோய் அவருடைய கதவில் கொட்டினோம். சுவரோரம் காற்றுக்கு ஒதுங்கிக் கிடந்த கழுதைகள் எழுந்து எங்களுக்கு வழி விட்டன. வரிசையில் நின்ற ஆண்கள் பார்த்தார்கள், சிரித்தார்கள். மனேச்சருக்குச் சொல்லிக் கொடுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

படம் தொடங்க நேரம் வந்தது. அவர் எழுந்து கதவைத் தள்ளினார். மறுபடி தள்ளினார். தோளால் இடித்தார். பிறகு ரிக்கற் யன்னலில் முகம் தெரிந்தது.

"அன்ரோனெற்! கதவைத் திற!"

"கதவு பூட்டேல்லை, மனேச்சர். எங்கை, பூட்டைக் காட்டுங்கோ பாப்பம்."

வரிசையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"உன்ரை வேலை போச்சு!"

"போகட்டும்."

"பொலிசிலை சொல்லுவன்!"

"வெளியிலை வந்து சொல்லுங்கோ."

மத்தியான வெயிலில் தகரம் கொதித்தது. வேர்வையில் அவருடைய சேட்டு உடம்போடு ஒட்டிவிட்டது. அன்ரோனெற் யன்னலுக்குக் கிட்டப் போனாள். சிரிப்பை நிறுத்திவிட்டு, பக்கத்தில் நின்ற எங்களுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"இப்ப உங்கடை முதுகுக்குப் பின்னாலை புகை வருது எண்டு நினையுங்கோ. அந்தக் கண்ணாடி போட்ட லைசென்ஸ் வந்து கதவைத் திறக்குமோ?"

அவர் திரும்பிப் பார்த்தார். புகை இல்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் பார்த்தார். திரும்பிய முகத்தில் ஈயாடவில்லை.

"உங்களுக்கு என்னதான் வேணும்?"

"இப்ப உங்களுக்கு என்ன வேணுமோ, அதுதான் எங்களுக்கும்."

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டே, கிடுகு மறைப்பும் திரைச்சீலையும் போட்டுத் தருகிறேன், காட்சிக்குக் காட்சி மணலை அள்ள ஆள் வைக்கிறேன் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். நாங்களே மணலை விலக்கி அவரை வெளியே எடுத்தோம். அன்றைக்குப் பெரிய கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டுதான் படம் பார்த்தோம். வெளிச்சம் விழுந்து கதாநாயகன் வெளிறிப் போனான். ஆண்கள் பக்கத்தில் கூக்காட்டினார்கள். கூக்காட்டட்டும் என்று இருந்தோம்.

சொன்னதை மனேச்சர் செய்தார். பெண்கள் வராத படத்தை மன்னாரில் ஓட்ட முடியாது என்பது அவருக்குத் தெரியும். அதே கிழமை அவளை வேலையிலிருந்தும் நிறுத்தினார். சனத்துக்கு முன்னால் மன்னிப்புக் கேட்டால் திரும்ப எடுப்பேன் என்று ஆளனுப்பினார். "கதவு திறக்குது. பிறகு மன்னிப்பு என்னத்துக்கு?" என்று திருப்பி அனுப்பினாள். அந்தச் சோளகம் முழுக்க அந்த வீடு அரை வயிற்றோடு கிடந்தது. நாங்கள் கொடுத்ததைப் பிள்ளைகளுக்காக வாங்கினாள், தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. பிறகு சந்தையில் கருவாடு விற்கத் தொடங்கினாள். மனேச்சரோ ஞாயிறு தவறாமல் கோயிலில் முன் வாங்கில் இருந்து கண்ணை மூடிச் செபித்தார். எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

படம் பார்க்க அவள் ரிக்கற் எடுத்து வருவாள். வந்ததும் பெரிய கதவை ஒரு தரம் தள்ளிப் பார்ப்பாள். திறந்தால்தான் வாங்கில் இருப்பாள். புதிதாக ரிக்கற் கிழிக்க வந்த பெண்ணுக்கு அது எரிச்சல். அன்ரோனெற் அதைக் கண்டுகொள்ளவில்லை.

பிறகு நாட்டில் சண்டை வந்தது. வெண்ணிலாவில் கூரையும் இல்லை, கதவும் இல்லை. இடம்பெயர்ந்து பள்ளிக்கூட மண்டபங்களில் படுத்த காலத்திலும் அவள் வாசலில் மூட்டை அடுக்க ஒருவரையும் விடவில்லை. விசர்க் கிழவி என்றார்கள். மூட்டையைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

சண்டை முடிந்து இரண்டாம் வருடம், அதே சோளகத்தில், அவள் போனாள். அடக்கப் பூசைக்குக் கோயில் நிரம்பிவிட்டது. பெட்டியைச் சுற்றி ஏற்றிய மெழுகுதிரிகள் காற்றில் ஆடின. கோயிலைப் பார்த்துக்கொள்கிற கிறகரி போய்க் கடல் பக்கத்துக் கதவுகள் இரண்டையும் இழுத்துச் சாத்தி, கொண்டிகளைப் போட்டுவிட்டு வந்தான். நல்ல பிள்ளைதான், கெட்ட எண்ணம் இல்லை. நான் பெட்டியைப் பார்த்தேன், பிறகு கதவைப் பார்த்தேன். முழங்கால் வலியோடு எழுந்து நடந்துபோய்க் கொண்டியை எடுத்தேன். காற்றும் மணலும் சேர்ந்து உள்ளே வந்தன. பீடத்துச் சீலை பறந்தது, திரிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பூசை வைத்த சாமி வாசிப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

கிறகரி ஓடி வந்தான். "அம்மா, மெழுகுதிரி நூருது!"

"நூரட்டும்" என்றேன்.

அவன் மற்றக் கதவையாவது காப்பாற்றத் திரும்பினான். அதை என் மகள் பெற்றிசியா ஏற்கெனவே திறந்துவிட்டு, அதற்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.