எதிர்க்கதவு ராத்தா

கொழும்பில் இந்தக் கொட்டாஞ்சேனைக்கு வந்து ஒரு வருடமாகப் போகிறது. இன்னும் எனக்குக் கதவைத் தட்டிப் பழகவில்லை. தமிழ்நாட்டு அகதி முகாமில் இருக்கும் உங்களுக்கு இது புரியும். நம் வரிசை வீடுகளில் யார் கதவைத் தட்டினோம்? குரல் கொடுத்துக்கொண்டே அடுப்படி வரை போய்விடுவோம். இங்கே பட்டப்பகலிலும் எல்லாக் கதவும் சாத்தியே கிடக்கிறது.

கணவருக்குக் கிளம்ப அனுமதி வராததால், பள்ளி வயது வராத மகளோடு நான் மட்டும் முன்னால் வந்தேன். நான் இந்த நாட்டுக்காரி. முகாமில் பிறந்த அவளுக்குக் குடியுரிமை இன்னும் ஆகவில்லை. அதனால் அரசாங்க உதவி எதுவும் கிடையாதாம். வெள்ளவத்தை அடுக்குமாடியில் வீட்டு வேலைக்குப் போனேன். முகாமென்றால் வரிசையே பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும். இங்கே யாரிடம் விடுவது? சோற்றை வைத்து, வெளியே பூட்டிவிட்டுப் போனேன்.

எனக்கு வேலை இல்லாத ஒரு நாளில் சிறுவர் பாதுகாப்பு அதிகாரி வந்தார். ‘அதிகாரி’ என்று காதில் விழுந்ததுதான் தாமதம், முகாம் புத்தி முழித்துக்கொண்டது. மகளை வாசலில் நிறுத்தி, பக்கத்தில் அடையாள அட்டையோடு நானும் விறைப்பாக நின்றேன். முகாமில் வருவது போல ஆள் எண்ணத்தான் வந்திருக்கிறார் என்று நினைப்பு!

“ஏன் இப்பிடி நிக்கிறியள்? பிள்ளையைப் பற்றிக் கதைக்க வந்தனான்” என்றார் அந்த யாழ்ப்பாணத்துப் பெண். “தனியப் பூட்டி வைக்கேலாது. பாக்க ஒருத்தரும் இல்லையெண்டால் சிறுவர் இல்லத்திலதான் விட வேண்டி வரும்.”

“பிள்ளைய எடுத்துட்டுப் போயிடாதீங்க மேடம்” என்று அழுதேன்.

எதிர்க்கதவு திறந்தது. அதுவரை சிரித்ததோடு சரி, பேசியதில்லை. ரிசானா ராத்தா; இங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவை ‘ராத்தா’ என்றுதான் சொல்வார்கள்.

“நான்தான் அறிவிச்சேன் தங்கச்சி. புள்ள உள்ளுக்கு அழுற சத்தம் கேட்டா எனக்குச் சோறு எறங்குதில்ல. கோவிச்சாலும் பரவாயில்ல, நாளைல இருந்து புள்ள எங்கட வீட்டுல இரிக்கட்டும்.”

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதிகாரி ராத்தாவின் வீட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். இன்றும் அவ்வப்போது வந்து விசாரிக்கிறார். என் ஆத்திரம் எப்போது போனதென்று தெரியாது. காட்டிக்கொடுத்தவள் என்று நான் கறுவிய அந்த மனுஷிதான் என் பிள்ளையை எனக்கு மிச்சம் வைத்தாள். எத்தனை கும்பிட்டாலும் போதாது.

ராத்தாவின் மகன்மாரை மகள், அண்ணனை அவர்கள் வீட்டில் சொல்வது போல, ‘நானா’ என்றுதான் கூப்பிடுகிறாள். நேற்று முகாமிலிருந்து அவள் அப்பா போனில் கேட்டார்: “அப்பாகிட்ட எப்பம்மா வருவே?”

“நானாமார் ஸ்கூல் விட்டு வரட்டும்பா. சொல்லிட்டு வந்துடறேன்.”

“சரிம்மா, சொல்லிட்டே வா” என்றார், கடலுக்கு அந்தப் பக்கமிருந்து.