முருகைக்கு வைத்த நல்ல தண்ணி

குருநகரில் ஜெசிதாவின் வீட்டைக் கேட்டால், "கல்லுக்கு மருந்து குடுக்கிற பிள்ளையின்ரை வீடோ?" என்று சிரித்தபடி வழி காட்டுவார்கள். சிரிக்கட்டும்! பகலில் மருந்துக்கடையில் துளி பிசகாமல் அளப்பவள், வீட்டிலும் அதே கையால் நூறு லீற்றர் கண்ணாடித் தொட்டிக்குச் சுண்ணாம்புச் சத்தை அளந்து விடுவாள். தொட்டிக்குள் இருப்பது முருகை, உயிருள்ள பவளப்பாறை. கொழும்பில் தொட்டி வைத்திருக்கும் ஒருவர் தன்னுடையதிலிருந்து உடைத்துத் தந்த நகத்தளவுத் துண்டு, மூன்று வருடத்தில் உள்ளங்கையளவு கிளைவிட்டிருந்தது. உப்போ சூடோ வெளிச்சமோ கொஞ்சம் மாறினாலும் கோபித்துக்கொள்ளும் சாதி அது. அதை வளர்த்தெடுத்தவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருக்காதா என்ன?

ஆவணியில் மடுமாதா திருவிழாவுக்கு ஒன்பது நாள் போனாள். தொட்டிக்குத் தமையன் கிறிஸ்ரோபர்தான் காவல். நாளுக்கு ஒன்றாக, சுத்திகரித்த நல்ல தண்ணீரை ஒன்பது கலன்களில் நிரப்பி வைத்தாள்.

"வத்துற அளவுக்கு இந்தத் தண்ணியை விடுங்கோ அண்ணை. வேறை ஒண்டும் வேண்டாம்."

"நாப்பது வருசம் கடலுக்குப் போறவனுக்கு நீ சொல்லித்தாறியோ? போய்க் கும்பிட்டிட்டு வா."

திரும்பி வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை. கிளை நுனிகள் வெளிறிக் கிடந்தன. பூப்போல விரிந்திருக்கும் சின்னச் சின்ன வாய்கள் எல்லாம் உள்ளே சுருங்கிவிட்டன. முப்பத்தைந்தில் நிற்க வேண்டிய உப்பு, நாற்பத்துநாலில் நின்றது.

"அண்ணை, கலன் தண்ணியெல்லாம் எங்கை?"

"தேத்தண்ணி போட்டனான். குடிக்கிற தண்ணிக்கு நாங்கள் பவுசர் வண்டிக்குப் பின்னாலை ஓடுறம், கடலிலை பிறந்ததுக்கு நல்ல தண்ணியோ? வெளிக்கடலிலை தெளிஞ்ச தண்ணியாப் பாத்து அள்ளிவந்து விட்டனான்."

"ஐயோ அண்ணை! வத்துறது தண்ணி மட்டும்தான். உப்பு தொட்டிக்கையே கிடக்கும். அதுக்கு மேலை ஒவ்வொரு நாளும் உப்பைக் கொட்டியிருக்கிறியள்!"

கிறிஸ்ரோபருக்கு முகம் கறுத்துவிட்டது. ஓடிப்போய் நல்ல தண்ணீர் வாளியைத் தூக்கி வந்தார். அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள். "ஒரேயடியா விட்டா இப்பவே செத்துப்போகும்."

ஒரு கிழமை லீவு போட்டாள். மணிக்கொரு கோப்பை உப்புத் தண்ணீரை எடுத்து, மணிக்கொரு கோப்பை நல்ல தண்ணீர் விட்டாள். கலன் சுமந்தது கிறிஸ்ரோபர். மூன்று வருடப் பாடு கண்முன்னால் கல்லாகிவிடுமோ என்று இரவிலும் எழும்பி எழும்பிப் பார்த்தாள். எட்டாம் நாள் காலை, அடிக்கிளையில் நாலைந்து வாய்கள் விரிந்தன. முதலில் கண்டது அவர்தான்.

"உயிரோடை இருக்கடி, பிள்ளை! இவ்வளவு காலமும் நான் இதைக் கல்லெண்டெல்லோ நினைச்சிருந்தன்!"

புரட்டாதியில் ஒருநாள் மீன் வாங்கக் கரைக்குப் போனாள் ஜெசிதா. கிறிஸ்ரோபர் வலையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். நடுவில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. வலை கடலடியில் சிக்கினால் என்ஜினைப் போட்டு இழுத்து, முருகையோடு பிடுங்கி வருகிற மனுசன் அவர்.

"இழுத்திருக்கலாமே அண்ணை?" என்றான் பக்கத்துப் படகுக்கார எமில்ராஜ்.

"ஓம், இழுத்திருக்கலாம். கீழை சுழியோடிப் போய் வலையைத்தான் அறுத்தெடுத்தனான்."

"ஒரு கல்லுக்காகவோ?"

"கல்லோ? என்ரை தங்கச்சி நிக்கிறாள், கேள் அவளிட்டை."

ஜெசிதா மீன் கூடையை மணலில் வைத்துவிட்டு வலைக்கு முன்னால் குந்தினாள். அந்த ஓட்டையை அவளே பொத்திக் கொடுத்தாள். பொத்தி முடியும்வரை தெருவில் போன ஒருவரையும் விடாமல் கூப்பிட்டு, அது எப்படி வந்த ஓட்டை என்று சொன்னாள்.