கல்லாற்றில் எனக்கு யாரும் இல்லை

சனிக்கிழமை காலை ஆறரைக்குப் பாளையங்கோட்டையில் கிளம்பி, நாகர்கோவிலில் பஸ் மாறி, திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்கும்போது பதினொரு மணியாகிவிட்டது. தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு இந்தப் பெண்கள் மாத இதழில் பயணக் கட்டுரை எழுதிவருகிறேன். டிக்கெட் விலையையோ தூரத்தையோ இதுவரை தப்பாகப் போட்டதில்லை. வாசகிகள் கடிதம் எழுதுவதே அதற்காகத்தான். இந்த முறையும் விலையெல்லாம் சரியாகவே இருக்கும். நான் நடந்துகொண்ட விதம்தான் சரியாக இல்லை. அதை எழுதாமல் மலையையும் ஆற்றையும் மட்டும் எழுதி அனுப்பிவிடலாமா என்று யோசித்தேன். மனசு கேட்கவில்லை.

கல்லாற்றுக்கு வித்துரா வழியாகத்தான் போக வேண்டும். அந்த பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் வலியசாலைக்குப் போய் சாரதாவைப் பார்த்தேன். என்னோடு பதினைந்து வருஷம் ஒரே தபால் நிலையத்தில் வேலை பார்த்தவள். கோயிலுக்குப் போகும் அக்ரகாரத் தெருவில் வீடு. ஜன்னல் தெருவை ஒட்டியே இருப்பதால் உள்ளே பேசுவது நடந்து போகிறவர்களுக்குக் கேட்கும்.

“வாடி வா, எத்தனை நாளாச்சு பாத்து!” என்று காபியைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். “கோமதி இந்த ஊர்லதானே இருக்கா, ஒரு நாள் எங்காத்துப் பக்கம் எட்டிப் பாக்கலையே. என்ன பண்ணிண்டிருக்கா?”

“பெரிய ப்ராஜெக்ட்டுலா. மூச்சு விட நேரமில்லைன்னு சொல்லுதா” என்றேன். இந்தப் பதிலை நான் ஒன்றரை வருஷமாக எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். இப்போதெல்லாம் யோசிக்காமலே வாயில் வந்துவிடுகிறது.

கோமதி என் மகள். வயது முப்பத்திரண்டு. திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல சம்பளத்தில் இருந்தாள். கல்யாணம் இரண்டே வருஷத்தில் முறிந்தது. நீண்ட லீவு போட்டு வீட்டுக்கு வந்து மாடி அறையில் எட்டு மாதம் வாய் திறக்காமல் கிடந்தாள். டாக்டர், கோயில், குறி கேட்பது என்று நான் கூட்டிப் போகாத இடம் இல்லை. கடைசியில் கூடப் படித்த ஒரு பெண் வந்து, கல்லாற்றங்கரையில் சிலர் தீ மூட்டி வட்டமாக உட்கார்ந்து, கொட்டடித்து, பாடி, ஆடி மனப்பாரத்தை இறக்குகிறார்கள் என்று சொல்லி அழைத்துப் போனாள். அந்தத் தீயின் முன்னால்தான் என் பெண் பேச ஆரம்பித்தாள். அதோடு விட்டாளா? வேலையை விட்டாள், பறை கற்றுக்கொண்டாள், இப்போது அந்த வட்டத்தை நடத்துகிறவர்களில் ஒருத்தி. பிழைத்து எழுந்ததற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நானோ, ஆற்றங்கரையில் பறை அடிக்கிறாள் என்று உறவுக்காரர்களிடம் எப்படிச் சொல்வது என்று தலையில் கைவைத்துக்கொண்டேன். வா வா என்று எத்தனையோ தடவை கூப்பிட்டாள். கட்டுரைக்காக வேண்டுமானால் வருகிறேன் என்றேன். “எதுக்காகவாவது வாம்மா, வந்தாப் போதும்” என்றாள் போனில்.

பிற்பகல் ஒரு மணிக்கு வித்துரா பஸ். டிக்கெட் ஐம்பத்திரண்டு ரூபாய். நெடுமங்காடு வரை வீடுகளும் கடைகளும் விடாமல் வருகின்றன. அதற்குப் பிறகு ரப்பர் தோட்டம். ஒவ்வொரு மரத்திலும் பால் வடியும் கிண்ணம். சும்மா சொல்லக்கூடாது, ஜன்னலோரம் கிடைத்தால் அருமையான பாதை. மூன்று மணிக்கு முன்னால் வித்துரா வந்துவிட்டது. சந்தைக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவே நேந்திரம் வாழைத்தார்களும் கருவாட்டு வாசனையும். பொன்முடி மலைக்குப் போகிறவர்கள் இங்கேதான் தண்ணீர், பிஸ்கட் வாங்கிக்கொள்கிறார்கள்.

ஸ்டாண்டில் ஒரு ஜீப். டிரைவர் முருகன், ஐம்பது வயது இருக்கும். அம்பாசமுத்திரத்துக்காரர், சின்ன வயதிலேயே இங்கே வந்து தங்கிவிட்டவர். செல்போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“கல்லாறுக்கல்லே அம்மா? கேறிக்கோங்க, கேறிக்கோங்க” என்று பையை வாங்கிக்கொண்டார். ஆளுக்கு அறுபது ரூபாய் என்று மற்றவர்களிடம் வாங்கியவர், நான் நீட்டியபோது, “அது பின்னே பாக்கலாம்” என்று ஒதுக்கினார்.

பின்சீட்டில் என்னோடு நாகர்கோவில் பக்கத்துப் புருஷனும் பெண்டாட்டியும், பொன்முடிக்குப் போகிறவர்கள். நல்ல பட்டு, நல்ல நகை, பேச்சில் நம் ஊர் வாடை. ஐந்து நிமிடத்தில் எங்களுக்குப் பொதுவான தெரிந்தவர்கள் இரண்டு பேர் அகப்பட்டுவிட்டார்கள். வண்டி வித்துராவைத் தாண்டியதும் அந்த மனிதர் முருகனிடம் கேட்டார்:

“ஏன்யா, இங்க ஆத்தங்கரையில தீயப் போட்டுக்கிட்டு சில பொம்பளைய ஆடுதாளுவளாம்லா? கொட்டு வேற அடிப்பாளுவளாம். பெத்தவங்கன்னு யாரும் இருக்காங்களா இல்லியா?”

அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன்.

முருகன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “அம்மாவுக்கு அங்க ஆரு உண்டு?”

“யாரும் இல்ல. பத்திரிகைக்கு எழுத வந்திருக்கேன்” என்றேன்.

அவர் செல்போனை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கல்லாறு வரும் வரை சாலையை மட்டுமே பார்த்து ஓட்டினார். வித்துராவில் இருந்து ஆறேழு கிலோமீட்டர்தான், எனக்கு அது முடியாத தூரமாக இருந்தது.

கல்லாறு என்பது பெயருக்கு ஏற்ற ஆறு. யானை முதுகு போல உருண்ட பாறைகள், நடுவே கண்ணாடித் தண்ணீர். பாலத்துக்கு அருகே நாலைந்து கடைகள். வட்டம் நடக்கும் இடம் அங்கிருந்து கொஞ்சம் உள்ளே. வாடகைக்கு எடுத்த ஓட்டு வீடு, பலாமரம், ஆற்றைப் பார்த்த முற்றம், முற்றத்தில் கருகிய கல் வளையம். சாப்பாடு, தங்கல், எல்லாம் சேர்த்து எண்ணூறு ரூபாய்.

ஜீப் நின்றதும் முற்றத்தில் இருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். எல்லார் முகத்திலும் ஒரே சிரிப்பு. பத்திரிகைக்காரிக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கு உச்சி குளிர்ந்தது. கோமதி முன்னால் நின்றாள். தலையை விரித்துப் போடவெல்லாம் இல்லை, பின்னித்தான் இருந்தாள். கையில் இரண்டு விறகுக் குச்சிகள்.

முருகன் பையை இறக்கி வைத்துவிட்டு, “இவங்க பத்திரிகையில எழுதறவங்களாக்கும். இங்க ஆரும் இல்லன்னு சொன்னாங்க” என்றார்.

சிரிப்புகள் அணைந்தன. எல்லோரும் கோமதியைப் பார்த்தார்கள். கோமதி என்னைப் பார்த்தாள். நான் அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாகர்கோவில் தம்பதி ஜீப்பில் இருந்து தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பையின் வாரைச் சரிசெய்தேன்.

“வாங்க, மேடம்” என்றாள் என் மகள். ஒரு குச்சியைக் கொண்டுபோய் விறகுக் குவியலிலேயே வைத்தாள்.

லீலாம்மா என்ற அம்மாள் டீ கொண்டுவந்தார். வேலூரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், அதனால் தமிழ் வரும். எல்லோருக்கும் ஒரே தட்டில் கிளாஸ்கள் வந்தன, எனக்கு மட்டும் தனியாக ஒரு கிளாஸ். வாயில் வைத்தேன், சர்க்கரை இல்லை. எனக்குச் சர்க்கரை நோய் என்று நான் அங்கே யாரிடமும் சொல்லவில்லை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆறரைக்குத் தீ மூட்டினார்கள். முதலில் ஆளுக்கொரு விறகை எடுத்துக்கொண்டு வட்டமாக நிற்க வேண்டும். மனதில் இருப்பதைச் சொல்லியோ சொல்லாமலோ அதைத் தீயில் வைக்கலாம். என் கை காலியாக இருந்தது. லீலாம்மா அருகில் வந்து மெதுவாகச் சொன்னார்:

“புதுசா வர்றவங்களோட விறகை, அவங்களைக் கூப்பிட்டவங்கதான் வைக்கணும். அதாக்கும் இங்கத்த வழக்கம். உங்களுக்கு ஆளில்லாததுகொண்டு நான் வைக்கட்டுமா?”

கோமதி கையில் இருந்த இரண்டு குச்சிகள் எதற்கு என்று அப்போது புரிந்தது. “வைங்க” என்றேன். அவர் வைத்தார்.

கோமதி பறையைத் தீக்கருகே பிடித்து, தோலை விரலால் தட்டித் தட்டிப் பார்த்தாள். சூடேறினால்தான் தோல் இறுகிச் சத்தம் எழும். முதல் அடி விழுந்ததும் எனக்கு உடம்பு சுருங்கியது. எங்கள் தெருவில் அந்தச் சத்தம் கேட்டால் சாவு என்று ஜன்னலைச் சாத்துவோம். அடிக்கிறவர்களை வாசல் ஏற்றமாட்டோம். அதை என் வயிற்றில் பிறந்தவள் அடிக்கிறாள், நான் உட்கார்ந்து பார்க்கிறேன்.

நாற்பது வயதுக்காரர் ஒருவர் எழுந்தார். பேன்ட் சட்டை, ஆபீஸில் இருந்து நேராக வந்தவர் போல. அது ஆட்டமே இல்லை, தரையை மிதித்தார், அவ்வளவுதான். மிதிக்க மிதிக்க அழுதார். யாரும் ஓடிப்போய்ச் சமாதானம் சொல்லவில்லை. கோமதி அவர் காலைப் பார்த்து அடித்தாள். அவர் வேகத்துக்கு வேகம், அவர் தடுமாறினால் இவளும் காத்திருந்தாள். அவர் களைத்தபோது சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, அவரை உட்கார வைத்துவிட்டுத்தான் நிறுத்தினாள். மற்றவர்கள் மெல்லப் பாட ஆரம்பித்தார்கள். எட்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த பெண்ணா இவள்? எனக்கு நெஞ்சு விம்மியது. பெருமைதான் அது, வேறென்ன? ஆனால் அந்தப் பெருமையை வெளியே காட்ட எனக்கு உரிமை இல்லாதபடி நானே செய்துவைத்திருந்தேன்.

“என் மோன் போனப்பறம் ஒரு வருஷம் நான் வாய் திறக்கல்ல” என்றார் பக்கத்தில் இருந்த லீலாம்மா. “இந்தக் குட்டியாக்கும் என்னைப் பிடிச்சு எழுப்பினது.” கோமதி மறுபடி பறையைத் தீயில் காய்ச்சிக்கொண்டிருந்தாள். பாட்டும் நின்றிருந்தது. லீலாம்மா கொஞ்சம் உரக்கவே கேட்டார்: “உங்களுக்கு மக்கள் எத்தனை பேர்?”

வட்டம் முழுக்க என் பக்கம் திரும்பியது.

“ஒரு பையன். துபாயில இருக்கான்” என்றேன்.

கோமதி தலை நிமிரவில்லை. பறையைச் சுழற்றி அடுத்த ஓரத்தைத் தீயில் காட்டினாள். பிறகு அடித்தாள். எல்லோரும் எழுந்து கைகோத்து ஆடினார்கள். என்னையும் இழுத்தார்கள், போனேன். என் கால் எங்கே போனதென்று எனக்கு நினைவில்லை.

ஞாயிறு காலை புட்டும் பயறும், பால் இல்லாத கட்டன் சாயா. ஒன்பதரைக்கு முருகன் ஜீப்போடு வந்தார். கோமதி பையை ஏற்றிவிட்டு அவரிடம் சொன்னாள்: “மேடத்தை முன்சீட்டுல உட்கார வைங்க அண்ணே. பின்னால இருந்தா அவங்களுக்குத் தலை சுத்தும்.” நான் ஏறி உட்கார்ந்தேன்.

பாலம் தாண்டியதும், அவளுக்குக் கேட்காத தூரத்தில், எனக்குத் தைரியம் வந்தது. “அது என் பொண்ணு” என்றேன்.

முருகன் சாலையைப் பார்த்தபடியே, “தெரியும் அம்மா. எல்லாருக்கும் தெரியும்” என்றார். செல்போனை எடுத்து நீட்டினார். அதில் என் படம். ஓய்வு பெற்ற அன்று நீலப் பட்டில், மாலையோடு நிற்கிறேன். “ஒரு வாரமா, அம்ம வருது, அம்ம வருதுன்னு சொல்லிட்டே இருந்தா. வண்டிக்காசும் தந்து, ஸ்டாண்டில நிக்கச் சொன்னதும் அவதான். நீங்க ஆரும் இல்லன்னு சொன்னப்போ அங்க போய் என் வாயிலயும் அதுதானே வரும்? ராத்திரி லீலாம்மை மக்கள் எத்தனைன்னு கேட்டதும் அதுக்காக்கும், இப்பவாவது சொல்லட்டும்னு. காலையில அவங்கதான் எங்கிட்ட சொன்னாங்க.”

எனக்கு அப்படியே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. எழுந்து நின்ற அத்தனை பேரும் கோமதியின் அம்மாவுக்காக எழுந்து நின்றவர்கள். அவள் ‘மேடம்’ என்றதும் எல்லோரும் என் பொய்யைக் காப்பாற்றினார்கள். ஒரு சாயங்காலம் முழுக்க, என் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

“திருப்புங்க” என்றேன்.

அவர்கள் சாம்பலை அள்ளிக்கொண்டிருந்தார்கள். கோமதி கையில் விளக்குமாறு. நான் கல் வளையத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். இரண்டு தடவை செருமினேன்.

“எனக்கு ரெண்டு பிள்ளைய. பையன் துபாயில இருக்கான். பொண்ணு இவ.”

லீலாம்மா தலையை ஆட்டினார். மற்றவர்கள் சாம்பலை அள்ளிக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்கு அது புதுச் செய்தியா என்ன?

கோமதி பெருக்குவதை நிறுத்தவில்லை. “பஸ் போயிரும்மா” என்றாள்.

அம்மா என்றுவிட்டாள். கையைப் பிடிக்கப் போனேன். அவள் விளக்குமாற்றை இந்தக் கையில் இருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள்.

“வலியசாலைக்குப் போயிருப்பியே. சாரதா சித்திட்ட என்னையப் பத்தி என்ன சொன்ன?”

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சாம்பல் கூடையைத் தூக்கிக்கொண்டு பலாமரத்தடிக்குப் போய்விட்டாள்.

தம்பானூரில் இறங்கும்போது மணி ஒன்று. நாகர்கோவில் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஏறவில்லை. வெயிலில் வலியசாலைக்கு நடந்தேன்.

“என்னடி இது, அதுக்குள்ள திரும்பிட்டே?” என்று சாரதா கதவைத் திறந்தாள். முன்னறையில் உட்கார்ந்தேன்.

“சாரதா, நேத்து நான் சொன்னது பொய். கோமதி வேலைய விட்டு ஒன்றரை வருஷமாச்சு. கல்லாத்துல பறை அடிக்கா.”

“பறையா?” சாரதாவின் குரல் தானாகத் தணிந்தது. கண் தெரு ஜன்னலுக்குப் போனது.

“ஆமா, பறைதான்” என்றேன், உரக்க. முகம் சுட்டது. சாரதாவை நான் குறை சொல்லமாட்டேன். தெருவில் யார் காதிலாவது விழுந்திருக்குமோ என்று நானும் அந்த ஜன்னலைத்தான் பார்த்தேன்.